தாழி யாருடையது?

யாராவது சும்மா ஒரு மாம்பழம் கொடுத்தால்கூட நான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவேன். அடிப்பக்கம் அழுகியிருக்கும். இல்லையென்றால் கொடுத்தவருக்கு என்னிடம் ஏதோ காரியம் இருக்கும். இரண்டும் இல்லையென்று தெரிந்தால்தான் எனக்கு உண்மையான பயமே வரும். 'சந்தேகப் பிராணி' என்று பெரியண்ணி எனக்குப் பட்டம் கொடுத்திருக்கிறார். கொடுக்கட்டும். எங்கள் குடும்பத்தில் பட்டம் பெரியண்ணனுக்கு மட்டும்தான் வரவேண்டுமா என்ன?

பெரியண்ணன் டத்தோ, சுல்தான் கையால் பட்டம் வாங்கியவர். சின்னண்ணன் ஞானி. நான் இருவருக்கும் தங்கை. கிள்ளானில் அப்பா வாங்கிய வீட்டில் ரவிக்கை தைத்துக்கொண்டு தனியாக இருப்பவள். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்க்க வந்தவர்களை நான் பார்த்த பார்வையில் பாதிப்பேர் காப்பியை முடிக்காமலே எழுந்து போனார்கள் என்று அண்ணன்கள் சொல்லிச் சிரிப்பார்கள். இருக்கலாம். மீதிப்பேர் காப்பியை முடித்துவிட்டுப் போனார்கள்.

பெரியண்ணன் ஒரு பழைய லோரியில் தொடங்கியவர். இப்போது அவரோடு காரில் போனால் நிம்மதியாக ஜன்னல் பக்கம் பார்க்க முடியாது. செலாயாங்கில் ஒரு கிடங்கைக் காட்டி "இது நம்மது" என்பார். சுபாங் ஜெயாவில் ஓர் அடுக்குமாடியைக் காட்டி "இதுவும் நம்மதுதான்" என்பார். அந்த 'நம்ம'வில் நான் எங்கே இருக்கிறேன் என்று ஒருநாளும் எனக்குப் புரிந்ததில்லை.

சின்னண்ணன் வேறு மாதிரி. நல்ல வேலையில் இருந்தவர், ஒருநாள் 'போதும்' என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். பிரிக்பீல்ட்ஸில் ஒரு பூக்கடைக்கு மேலே ஓர் அறையில் இருக்கிறார். ஒரு பாய், மாற்றுவதற்கு வேட்டி, தண்ணீர் கொதிக்க வைக்க ஒரு கெண்டி. அவ்வளவுதான் சொத்து. தமிழ்ச் சங்கக் கூட்டங்களில் பேசக் கூப்பிடுவார்கள். பேசி முடித்ததும் பொன்னாடை போர்த்த வருவார்கள். அதை வாங்கி, போர்த்த வந்தவர் தோளிலேயே திருப்பிப் போட்டுவிட்டுக் கீழே இறங்கிவிடுவார். மண்டபம் அதிரக் கைதட்டும். எனக்கு அந்தக் கைதட்டலின்மேலும் ஒரு சந்தேகம் உண்டு. பொன்னாடையை வாங்கிக்கொள்கிறவருக்கு அதில் பாதி கைதட்டல்கூடக் கிடைப்பதில்லையே.

எந்தக் கூட்டமானாலும் அவர் தவறாமல் சொல்லும் கதை ஒன்று இருக்கிறது. கிரேக்க தேசத்தில் ஒரு ஞானி. வீடு வாசல் எதுவும் கிடையாது. ஆள் புகுந்து படுக்கிற அளவு பெரிய மண் தாழி ஒன்றுதான் அவருக்கு இருப்பிடம். உலகத்தையே பிடிக்கக் கிளம்பிய ராஜா ஒருவன் அவரைப் பார்க்க வருகிறான். வெயிலில் படுத்திருப்பவரிடம், "உமக்கு என்ன வேண்டும், கேளும்" என்கிறான். ஞானி கண்ணைத் திறந்து, "கொஞ்சம் தள்ளி நில், வெயிலை மறைக்கிறாய்" என்கிறார். அவ்வளவுதான் கதை. ராஜா தலைகுனிந்து போகிறான். சபை கைதட்டுகிறது.

கேட்டுக்கொண்டிருப்பவர்கள் மனதுக்குள் பெரியண்ணனை ராஜாவாகவும் சின்னண்ணனை ஞானியாகவும் வைத்துப் பார்ப்பார்கள். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெரியண்ணனே சிரித்துக்கொண்டு தலையாட்டுவார். நான் பின்னால், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு வேறு கணக்குப் போட்டுக்கொண்டிருப்பேன். அந்த ஞானிக்கு அன்று மதியம் சோறு யார் போட்டது? அவர் துணியை யார் துவைத்தது? அந்த வீட்டில் ஒரு தங்கை இருந்திருப்பாள். கதை எழுதியவன் அவளை விட்டுவிட்டான்.

ஏனென்றால் எங்கள் ஞானிக்குச் சோறு போட்டவள் நான். ஒவ்வொரு சனிக்கிழமையும் காலையில் சமைத்து, தூக்குச்சட்டியில் அடுக்கி, கிள்ளானில் கொமுட்டர் ரயில் ஏறி, செண்ட்ரல் ஸ்டேஷனில் இறங்கி, அந்த வெயிலில் நடந்து பூக்கடை மாடிப்படி ஏறுவேன். ஞாயிறுக்கும் சேர்த்துக் குழம்பு, இரண்டு பொரியல். போன வார வேட்டிகளைப் பையில் போட்டுக்கொண்டு திரும்புவேன். அவர் "எதுக்கு பாப்பா இதெல்லாம், எனக்கு ஒரு வாழைப்பழம் போதும்" என்பார். சொல்லிக்கொண்டே மூடியைத் திறப்பார்.

வீட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். அப்பா கேரி தீவில் செம்பனைப் பழம் ஏற்றும் லோரி ஓட்டியவர். வேலை முடிந்த மாதமே தோட்டத்து வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். சட்டி பானையை லோரியில் ஏற்றிக்கொண்டு கிள்ளானுக்கு வந்த அன்று, இனிமேல் எவனும் நம்மை எழுந்து போ என்று சொல்லக்கூடாது என்றார். இந்தச் சின்ன வீட்டை வாங்கி, கடைசியில் எங்கள் மூன்று பேர் பேரிலும் எழுதி வைத்தார். அவர் மெதுவாகச் சாப்பிடுகிறவர். ஒவ்வொரு பருக்கையையும் விசாரித்துவிட்டுத்தான் உள்ளே அனுப்புவார். வெளியே லோரியில் காத்திருப்பவர்கள் ஹார்ன் அடித்தே ஓய்ந்துபோவார்கள். சந்தேகம் எனக்கு அவரிடமிருந்து வந்ததுதான் என்று நினைக்கிறேன்.

போன வருடம் தீபாவளிக்குக் கொஞ்ச நாள் முன்னால் பெரியண்ணன் திடீரென்று ஒரு கூடைப் பழத்தோடு வந்து நின்றார். பாத்தியா, பழம்! கூடையை வாங்கி ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன். அவருடைய கறுப்பு வண்டி சரியாக என் தையல் மெஷின் ஜன்னலை அடைத்துக்கொண்டு நின்றது.

"வண்டியைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தச் சொல்லுங்கண்ணே. ஊசியில நூல் கோக்க வெளிச்சம் பத்தல."

டிரைவர் வண்டியை நகர்த்தினார். நான் சொன்னதும் அந்த ஞானி சொன்னதுதான். எனக்கு யாரும் கைதட்டவில்லை.

அண்ணன் வீட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். வாய்க்கால் ஓரம் காலடி வைத்து அளப்பதுபோல நடந்தார். இரண்டு பக்கத்து வீடுகளையும் அவர் ஏற்கனவே வாங்கிவிட்டார் என்று எனக்குத் தெரியும். வாங்கியவர் பேரைச் சொல்லாமல் வாங்கினார் என்பதும் தெரியும்.

"என்ன ரிப்பேர் இருக்கு சொல்லு பாப்பா, நாளைக்கே ஆள் அனுப்புறேன்."

"குழாய்தான் ஒழுகுதுண்ணே."

கூடத்துக் கதவின் பூட்டு பிடிக்காமல் வருடக்கணக்காகக் கிடக்கிறது. அதைச் சொல்லவில்லை. பூட்டு கெட்டுப்போன சங்கதியை யாராவது வெளியில் சொல்வார்களா? இரவில் நாற்காலியை முட்டுக்கொடுத்துவிட்டுப் படுத்துக்கொள்கிறேன், அது போதும்.

பிறகுதான் விஷயத்துக்கு வந்தார். மூன்று மனையையும் சேர்த்து உயரமாகக் கட்டப்போகிறாராம். எனக்கு சுபாங் ஜெயா அடுக்குமாடியில் ஒரு கொண்டோ தருகிறாராம். "மேல இருந்து பார்த்தா எல்லாமே சின்னதா, அழகா தெரியும் லா" என்றார். எல்லாவற்றையும் அப்படியே பார்த்துப் பழகியவர். "யோசிக்கிறேண்ணே" என்றேன்.

அவர் போன பிறகு பெரிதாகப் பயப்படவில்லை. மூன்று பேரும் கையெழுத்துப் போட்டால்தான் விற்க முடியும். நான் போடமாட்டேன். நான் தனியாக நின்றால் நெருக்குவார்கள்தான், ஆனால் சின்னண்ணன் இருக்கிறாரே. ஆசையே இல்லாத மனிதரை எதைக் காட்டி வாங்க முடியும்? நான் யாரையும் நம்பாதவள். அவரை மட்டும் அந்த ஒரு விஷயத்தில் நம்பினேன்.

அந்த வாரம் தையல் வேலை குவிந்துகிடந்ததால் சனிக்கிழமைக்குப் பதில் வெள்ளிக்கிழமையே சாப்பாடு கொண்டுபோனேன். பூக்கடை வாசலில் அந்தக் கறுப்பு வண்டி நின்றது. பெரியண்ணன் பிரிக்பீல்ட்ஸ் மாடிப்படி ஏறுகிற ஆளே அல்ல. கடையில் மாலை கட்டிக்கொண்டிருந்தவர் தமிழ்நாட்டிலிருந்து வேலை பெர்மிட்டில் வந்திருப்பவர். என்னை வாராவாரம் பார்ப்பவர்.

"மேல இப்பப் போகாதீங்கக்கா. டத்தோ வந்திருக்காரு. தம்பிகூடப் பேசிக்கிட்டு இருக்காரு."

"அடிக்கடி வருவாரா?"

"இல்லக்கா, எப்பவாச்சும். கட்டடமே அவங்களுதுதானே? அந்த ரூமைத் தம்பிக்குன்னே விட்டு வச்சிருக்காருன்னு எங்க முதலாளி சொல்வாரு."

தொங்கிக்கொண்டிருந்த மல்லிகைச் சரங்களுக்குப் பின்னால் ஒதுங்கி நின்றேன். பெரியண்ணன் இறங்கி வந்தார். முகத்தில் காரியம் முடிந்த ஆளின் சிரிப்பு. என்னைப் பார்க்காமலே வண்டியில் ஏறிப் போனார். எத்தனை வருடமாக இந்தப் படியை ஏறி இறங்கியிருக்கிறேன்! எல்லாவற்றையும் சந்தேகப்படுகிறவள், இந்த அறை யாருடையது என்று ஒருநாளும் கேட்டதில்லை. அசடு, அசடு என்று என்னையே திட்டிக்கொண்டு மேலே ஏறினேன்.

சின்னண்ணன் பாயில் உட்கார்ந்திருந்தார். ஒரு நாள் முன்னதாகச் சாப்பாடு வந்ததில் அவருக்குச் சந்தோஷம்.

"அண்ணே, இந்த ரூம் யாருது?"

"என்ன கேள்வி பாப்பா இது? இருக்கிற வரைக்கும் இருக்கிறவனுது. எழுந்து போனா அடுத்தவனுது."

"பத்திரத்துல யார் பேரு இருக்குன்னு கேக்குறேன்."

சிரித்தார். மேடையில் சிரிக்கிற அதே சிரிப்பு. "அந்த ஞானி, தாழி யாருதுன்னு கேட்டுக்கிட்டா இருந்தாரு?"

"கேட்டிருக்கணும்ணே" என்றேன். "கேட்டிருந்தா ராஜாவைப் பார்த்துத் தள்ளி நில்லுன்னு சொல்லியிருக்க மாட்டாரு."

அவர் ஒரு வாய் ரசத்தைக் குடித்துப் பார்த்தார். ரசத்தில் காரம் கொஞ்சம் தூக்கல் என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த ரசத்தை அப்படியே ஜன்னல் வழியாகக் கொட்டியிருப்பேன். கீழே பூக்கடை இருந்ததால் பிழைத்தது.

"வீட்டைப் பத்தி ஏதாச்சும் பேசினாரா?"

"பேசினாரு. எனக்கு அந்த வீட்டு மேல என்ன ஆசை இருக்கு, சொல்லு?"

வழக்கமாக இந்தப் பதில் எனக்குத் தெம்பைக் கொடுக்கும். அன்று திரும்பும்போது, ரயில் ஷா ஆலம் தாண்டுகையில்தான் நெஞ்சில் சுருக்கென்றது. ஆசை இல்லாதவரை விலைக்கு வாங்க முடியாதுதான். வாங்க வேண்டிய அவசியமே இல்லையே! கேட்டால் சும்மாவே கொடுத்துவிடுவாரே! ஆசை உள்ளவனாவது தன் பங்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வான். இவர் கையைத் திறந்துவிடுவார். அந்தக் கையில் இருப்பது என் கூரை என்பது அவருக்கு உறைக்காது. மடியில் அவருடைய அழுக்கு வேட்டிகளை வைத்துக்கொண்டு அழுதேன். எதிர் சீட்டிலிருந்த மலாய்க்கார ஆன்டி டிஷ்யூ நீட்டினார். அதையும் ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் வாங்கினேன்.

தீபாவளிக்கு முதல் நாள் எங்கள் வீட்டில் அப்பாவுக்குப் படையல். உலகத்தில் எங்கே இருந்தாலும் பெரியண்ணன் அதற்கு வந்துவிடுவார். முதல் படையல் போட்ட வருடம்தான் அவருக்கு முதல் பெரிய காண்ட்ராக்ட் கிடைத்தது. அப்பா கொடுத்தது என்று இன்றுவரை நம்புகிறார். சின்னண்ணனுக்கு அந்த நம்பிக்கையெல்லாம் கிடையாது. சாப்பாட்டுக்கு வருவார்.

எங்கள் வழக்கம் இதுதான். கூடத்தில் அப்பா படத்துக்கு முன்னால் இலை போட்டு, அவருக்குப் பிடித்ததையெல்லாம் வைக்க வேண்டும். ஆட்டுக்கறிப் பிரட்டல், நெத்திலி சம்பல், இட்லி, முறுக்கு, ஒரு பாட்டில் ஸ்டவுட் பீர். விளக்கேற்றி, சாம்பிராணி காட்டிக் கும்பிட்டுவிட்டு எல்லாரும் வெளியே வந்து கதவைச் சாத்திவிட வேண்டும். போனவர்கள் வந்து சாப்பிடும் நேரம் அது. சமைத்தவள்தான் சாத்த வேண்டும். அவளேதான் நேரம் பார்த்துக் கதவைத் தட்டித் திறக்க வேண்டும். அதுவரை யாரும் உள்ளே எட்டிப் பார்க்கக்கூடாது. வெளியே ஒரு முறுக்கைக்கூடக் கடிக்கக்கூடாது.

அன்று பெரியண்ணன் கக்கத்தில் ஒரு பழுப்பு உறை இருந்தது. கும்பிடும்போதும் அதை அவர் கீழே வைக்கவில்லை. வெளியே வந்ததும் நான் கதவை இழுத்துச் சாத்தினேன். எந்த வருடமும் செய்யாத ஒன்றை அந்த வருடம் செய்தேன். இடுப்பிலிருந்து ஒரு சாவியை எடுத்து ஓட்டையில் விட்டுத் திருகிவிட்டு, மறுபடி இடுப்பில் செருகிக்கொண்டேன். ஏன் செய்தேன் என்று கேட்டால் அந்த உறைதான் காரணம்.

நினைத்தபடியே ஆயிற்று. பெரியண்ணன் வண்டியின் முன்பக்கத்தில் தாளை விரித்தார். சின்னண்ணன் அதைப் படிக்கக்கூட இல்லை.

"எங்க போடணும்?"

போட்டார். பேனாவின் மூடியை மாட்டி, பொன்னாடையைத் திருப்பித் தருகிற அதே தோரணையில் பேனாவைத் திருப்பித் தந்தார். பெரியண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எவ்வளவு பெரிய மனசு பாருங்க!" என்றார். ஆமாம், என் வீட்டைத் தூக்கிக் கொடுக்க அவருக்கு எவ்வளவு பெரிய மனசு!

"பாப்பா, நீயும் போட்டுடு" என்றார் சின்னண்ணன். "வீடுங்கிறது ஒரு சுமை. இறக்கி வச்சிட்டா மனசு லேசாயிடும்."

"நான் எங்கண்ணே போறது?"

"அதான் கொண்டோ இருக்கே லா!" என்றார் பெரியண்ணன்.

"அந்த உயரத்துல எந்த ஜன்னல்ல வந்துண்ணே ரவிக்கைத் துணி குடுப்பாங்க?"

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் அங்கே குடியிருக்கிறேன் என்பதை அப்போதுதான் யாரோ சொன்ன மாதிரி இருந்தது அந்தப் பார்வை. போய் வாசற்படியில், கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டேன்.

"வா பாப்பா, கையெழுத்துப் போட்டுட்டுக் கதவைத் திற. நேரமாச்சு."

"அப்பா இன்னும் சாப்பிட்டு முடிக்கலண்ணே."

பக்கத்துச் சூராவில் தொழுகைக்கான பாங்கு சொல்லி முடிந்தது. எதிர்வீட்டுப் பிள்ளைகள் கம்பி மத்தாப்பு கொளுத்தினார்கள். கொசு பிடுங்கியது. கதவின் அடி இடுக்கு வழியாக ஆட்டுக்கறி வாசனை வெளியே வந்துகொண்டிருந்தது. முதலில் அசைந்தது ராஜா அல்ல, ஞானிதான்.

"இன்னுமா பாப்பா?"

"அவர் மெதுவாத்தான் சாப்பிடுவாரு. உங்களுக்குத் தெரியாதா?"

பெரியண்ணன் படியேறி வந்தார். கதவைத் தட்டக் கையைத் தூக்கினார். அந்தக் கை அப்படியே நின்று, மெல்லக் கீழே இறங்கியது. எத்தனையோ ஊரில் எத்தனையோ வீட்டைத் தட்டித் தரைமட்டமாக்கிய கை. "விளக்கு அணைஞ்சிடப் போகுது பாப்பா" என்றார். குரல் மாறியிருந்தது.

"எண்ணெய் நிறையத்தான் ஊத்தியிருக்கேன்."

பெரியண்ணி தொடங்கினார். "அவருக்குச் சர்க்கரை இருக்கும்மா, நேரத்துக்குச் சாப்பிடணும்." எனக்கு மனது இளகத்தான் செய்தது. ஆனால் எழுந்தால் போச்சு என்று தெரியும். அப்பா, கொஞ்சம் நேரம் கூட உட்கார்ந்து சாப்பிடுங்கப்பா என்று நிஜமாகவே வேண்டிக்கொண்டேன்.

சின்னண்ணன் பொறுமை இழந்துவிட்டார். "நான் தட்டுறேன். எனக்கு இதுலெல்லாம் நம்பிக்கை இல்ல" என்று முன்னால் வந்தார்.

"தட்டாதடா!" பெரியண்ணன் பாய்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "அப்பா உள்ள இருக்காரு!"

இருவரும் அப்படியே நின்றார்கள். பிறகு சின்னண்ணன், கூட்டத்தில் பேசுகிற குரல் இல்லாமல், சின்னப் பிள்ளைபோலச் சொன்னார்: "பசிக்குதுண்ணே. அந்தத் தாளை அவகிட்டயே குடுத்துடுங்க."

அவர் யாரிடமும் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. எனக்காகக் கேட்டாரா, பிரட்டலுக்காகக் கேட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பெரியண்ணன் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் தாளைப் படியில் வைத்தார். அதை நான்காகக் கிழித்து ரவிக்கைக்குள் செருகிக்கொண்டேன். குப்பையில் போட்டால் எடுத்து ஒட்டினாலும் ஒட்டுவார்கள்.

சாவியை விட்டுத் திருகி, கதவைத் தட்டித் திறந்தேன். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எல்லாரும் சாப்பிட்டோம். சின்னண்ணன் அன்று தன் தட்டைத் தானே கழுவினார். அதையும் சந்தேகத்தோடுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கிளம்பும்போது பெரியண்ணன் வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு, அண்ணிக்குக் கேட்காமல் என்னிடம் கேட்டார்: "நெசமாவே அப்பா அவ்வளவு நேரமா சாப்பிட்டாரு?"

"அவருக்கு இந்த வீடு பிடிக்கும்ணே" என்றேன்.

அவர்கள் போன பிறகு உள்ளே வந்து கதவைச் சாத்தி, வழக்கம்போல நாற்காலியை முட்டுக்கொடுத்தேன். இடுப்பில் இருந்தது அரிசி அலமாரிச் சாவி. அந்தக் கதவு அன்று பூட்டப்படவே இல்லை. மரம் உப்பிப்போயிருப்பதால் இழுத்துச் சாத்தினால் நிற்கும், லேசாகத் தோளால் தள்ளினால் திறந்துகொள்ளும். வீட்டை வாங்க வந்தவருக்கும் அது தெரியவில்லை, விட்டுக்கொடுக்க வந்தவருக்கும் தெரியவில்லை.